அங்கம்மா திரும்பப் பெற்ற சுற்றறிக்கை

தம்போயில் பட்டறைகளுக்கும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் நடுவே ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் நடந்துவரும் அந்தப் பல்கலைக்கழகக் கல்லூரியில் டாக்டர் அங்கம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்து மூன்று வருடமாக அங்கே புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவர். ஒவ்வொரு கல்வித் தவணையும் முதல் வகுப்பில் அவருடைய பழங்காலப் பெயரைக் கேட்டு யாராவது ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். "தோட்டத்து ஆபீஸ் கிராணி எழுதிக் கொடுத்த பேரு. மறக்காதுல்ல? அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிடுவார்.

தலைமைப் பதவிக்கெல்லாம் அவர் ஆசைப்பட்டதில்லை. கல்விப் பிரிவின் துணை ரெக்டர் நாற்காலி மூன்று மாதம் காலியாகக் கிடந்தது. வேறு யாரும் கேட்காததால் அவரிடம் வந்தது. அதற்கு அடுத்த வருடம், 2020 பிப்ரவரி கடைசியில், ரெக்டருக்கு இருதயத்தில் அறுவை சிகிச்சை என்றாகிவிட்டது. கோலாலம்பூருக்குப் புறப்படும் முன் அவர் அங்கம்மாவை அழைத்து, "ஆறு வாரம் மட்டும் பார்த்துக்கங்க டாக்டர். பெரிசா ஒண்ணும் வராது" என்றார்.

மூன்றாவது வாரமே வந்துவிட்டது. தொற்று பரவுவதால் புதன்கிழமை முதல் நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு என்று அரசாங்கம் அறிவித்தது. கல்லூரியை மூட அங்கம்மாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கே பதிவாளர் கமலநாதன் கையில் ஒரு பட்டியலோடு வாசலில் நின்றார். விடுதியில் இருக்கும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், ஆய்வுக்கூடங்களைப் பூட்ட வேண்டும், விரிவுரையாளர்களுக்குக் கணினி கொடுத்தாக வேண்டும். மத்தியானத்துக்குள் லார்க்கின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் இல்லை என்று பிள்ளைகளிடமிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. கமலநாதன் எங்கெங்கோ பேசி நான்கு பள்ளிப் பேருந்துகளை வரவழைத்தார்.

இந்த அமளிக்கு நடுவே கணவர் செல்வாவிடமிருந்து அழைப்பு வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜூரோங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. பதினெட்டு வருடமாகத் தினமும் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய் வருகிறவர்.

"அங்கா, கம்பெனில சொல்லிட்டாங்க. இன்னிக்கே அந்தப் பக்கம் போயிடணும். தங்க இடம் தர்றாங்களாம். போகலைன்னா வேலைக்கு உத்தரவாதம் இல்லையாம்."

"எத்தனை நாளைக்குங்க?"

"ரெண்டு வாரம்தான்லா. நாலு சட்டை எடுத்து வெச்சிருக்கேன். நீ வர்றதுக்குள்ள கிளம்பிடுவேன் போல இருக்கு. பாலத்துல இப்பவே கூட்டமாம்."

அங்கம்மா சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை. மேசைமேல் பாதி குடித்த தேநீர்க் கோப்பை இருந்தது. அதைக் கழுவி வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். இவர்களுடைய ஒரே மகள் திருமணமாகி மெல்பர்னில் இருந்தாள். ஆக, அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

அடுத்த பத்து நாளும் உணவு மேசையே அலுவலகமானது. வகுப்புகளை இணையவழி இயங்கலைக்கு மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் அங்கம்மாவே உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். மொத்தம் ஏழு விதிகள். பழைய கால அட்டவணைப்படி, அதே நேரத்தில், எல்லா வகுப்பும் நேரலையாக நடக்கும். மாணவர்கள் வகுப்பு முடியும்வரை கேமராவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். எண்பது விழுக்காடு வருகை இல்லாதவர்களுக்குத் தேர்வு இல்லை. பாடங்களைப் பதிவு செய்யக் கூடாது. பதிவு இருந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகள் தள்ளிப் போட்டுவிடுவார்கள்.

அவர் கண்டிப்புக்காகக் கண்டிப்புக் காட்டுகிற ஆள் அல்ல. கூலாய் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். அவரோடு தமிழ்ப்பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் பத்தொன்பது பேர். இடைநிலைப்பள்ளியை முடித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் ஒரே நாளில் படிப்பை விட்டுவிடவில்லை. ஒரு நாள் வரவில்லை, பிறகு இரண்டு நாள், அப்புறம் ஒரு வாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனார்கள். அதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டால் போதும், பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்பது அவர் நம்பிக்கை.

மார்ச் முப்பதாம் தேதி சுற்றறிக்கை போனது. ஒரு வாரம் கழித்து வருகை அறிக்கை வந்தது. தொண்ணூற்றொரு விழுக்காடு. கட்டடத்தில் வகுப்பு நடந்த காலத்தில்கூட எண்பத்தாறைத் தாண்டியதில்லை. அங்கம்மா அந்த எண்ணை நிர்வாகக் குழுவுக்கு அனுப்பினார். குழுத் தலைவர் பாராட்டிப் பதில் எழுதினார். கோலாலம்பூரிலிருந்து ரெக்டரும் மெல்லிய குரலில் அழைத்து, "நான் இல்லாம இன்னும் நல்லா நடக்குது போலிருக்கே" என்று சிரித்தார். அன்று அங்கம்மா பாயசம் வைத்தார். ஒருத்தருக்கு எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் மூன்று நாளைக்கு மிஞ்சியது.

அந்தப் பாயசம் தீரும் முன்னே ஹேமநாதன் அழைத்தார். மின்னணுவியல் பிரிவில் மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவர். அங்கம்மாவைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேச மாட்டார், கூட்டங்களில் கடைசியில் உட்காருவார்.

"டாக்டர், உங்களுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கா? அந்தத் தொண்ணூத்தொண்ணு சரியான கணக்கு இல்லை."

"ஏன், எண்ணினதுல தப்பா?"

"எண்ணினதெல்லாம் சரிதான். என் வகுப்புல நாப்பது பேர். நாப்பது முகமும் தெரியுது. ஆனா கேள்வி கேட்டா பத்துப் பேர்தான் பதில் சொல்றாங்க. நேத்து ஒரு பொண்ணோட படத்துல பின்னாடி நீலக் கூடை கூடையா அடுக்கி இருந்துச்சு. தலையில வலைத்தொப்பி போட்டிருந்தா. எங்கம்மா இருக்கேன்னு கேட்டேன். வீட்டுலதான் சார்னு சொல்றா. பின்னாடி மணி அடிக்குது. அவ ஓடுறா. கேமரா மட்டும் கூரையைக் காட்டிக்கிட்டு இருக்கு."

"நீங்க ஏன் எழுதிக் கொடுக்கலை?"

"எழுதிக் கொடுத்தா அவளைத் தேர்வு எழுத விட மாட்டாங்க, டாக்டர். விதியில அப்படித்தான் இருக்கு."

அங்கம்மாவுக்குக் கோபம் வந்தது. ஏமாற்றுகிற பிள்ளைமேல் வந்ததா, மூடி மறைத்த விரிவுரையாளர்மேல் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொண்டார். பிரவீனா, மூன்றாம் ஆண்டு, கூலாய். மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தார்.

"நான் டாக்டர் அங்கம்மா பேசுறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. "மேடம்... நான் வகுப்புக்கு வந்துட்டுதான் இருக்கேன் மேடம்."

"தெரியும். எங்கேருந்து வர்றே? உண்மையைச் சொல்லு. நான் திட்டுறதுக்காகக் கேட்கலை." இந்தக் கடைசி வாக்கியம் தாளில் இல்லை. திட்டுவதற்காகத்தான் அழைத்திருந்தார்.

பிரவீனா சொன்னாள். அவள் அப்பா சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறவர். பேருந்து நின்று ஒரு மாதம் ஆகப்போகிறது. செனாய் பக்கம் கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள், இவள் சேர்ந்துவிட்டாள். காலை ஏழிலிருந்து மாலை மூன்று வரை வேலை. சூப்பர்வைசர் அக்கா நல்லவர், பொதிகட்டும் மேசையின் ஓரத்தில் கைப்பேசியை நிறுத்தி வைக்க விடுகிறார்.

"பாடம் காதுல விழுதா?"

"இயந்திரச் சத்தத்துல ஒண்ணுமே கேட்காது மேடம். முகம் தெரிஞ்சா வருகை போடுவாங்கல்ல, அதுக்காகத்தான். வீட்டுக்கு வந்து படிக்கலாம்னு பார்த்தா பதிவு கிடையாது. ஹேமநாதன் சாரைத் தனியா கேட்டேன். பதிவு செய்யக் கூடாதுன்னு உத்தரவாம். யார் போட்டாங்கன்னு தெரியலை மேடம்."

அங்கம்மா தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் எழுதி வைத்திருந்த எதையும் இனிச் சொல்ல முடியாது.

"நான்தான் போட்டேன்" என்றார்.

"ஐயோ, சாரி மேடம்."

"நீ ஏன்மா சாரி சொல்றே. சாப்பிட்டியா? முதல்ல போய்ச் சாப்பிடு."

கைப்பேசியை வைத்துவிட்டு அங்கம்மா முன் வாசலில் போய் நின்றார். தாமான் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எதிர் வீட்டுச் சீன அம்மா ஒருத்தர் மட்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் அங்கம்மா. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். தொண்ணூற்றொன்று என்றதும் தான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை நினைத்து அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலை கமலநாதனை அழைத்தார். "மொத்தம் எத்தனை பிள்ளைங்க?"

"ஆயிரத்து நானூறு சொச்சம்."

"விரிவுரையாளர்கள் எழுபது பேர். ஆளுக்கு இருபது பிள்ளைங்களைப் பிரிச்சுக் கொடுங்க. எல்லாருக்கும் அழைச்சுப் பேசணும். எங்கே இருக்கே, எதுல பாடம் பார்க்கிறே, பகல்ல வேற என்ன வேலை செய்யறே. இந்த மூணு கேள்வி போதும்."

"இயங்கலையில ஒரு படிவம் அனுப்பிடலாமே டாக்டர்? ஒரு நாள்ல முடிஞ்சுடும்."

"இணைய லைன் இல்லாதவன் அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவான்?"

கமலநாதன் பெயர்ப்பட்டியலை எழுபதாகப் பிரிக்க உட்கார்ந்தார்.

அங்கம்மாவும் இருபது பெயர் எடுத்துக்கொண்டார். மூன்று நாள் பேசினார். ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலை ஓரத்தில் பானைக்கடை வைத்திருப்பவரின் மகன், வீட்டில் ஒரே கைப்பேசி, தம்பியும் தங்கையும் பள்ளிப் பாடத்துக்கு அதைத்தான் பார்க்கிறார்கள் என்றான். இன்னொருத்தி வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் இருப்பதால் கேமராவைத் திறக்க வெட்கமாக இருக்கிறதாம். பொந்தியானில் ஒரு பையனுக்குக் கணினி, லைன், தனி அறை எல்லாம் இருந்தது. அவனிடம் ஒரு குறையும் இல்லை என்று அங்கம்மா பேச்சை முடிக்கப் போனார்.

"மேடம், இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமா?" என்றான் அவன். "அம்மாவும் அப்பாவும் தாதிங்க. ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்கிட்டாங்க. ஒன்பது நாளா நான் யாரோடயும் வாயைத் திறந்து பேசலை. வகுப்புல எல்லாரும் மைக்கை மூடித்தானே வெச்சிருக்கோம்."

அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரசம் வைப்பது எப்படி என்று அவன் கேட்டான், இவர் சொன்னார். அன்று செல்வாவோடு பேசும்போது இதைச் சொன்னார். செல்வா ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்தார். "எனக்கு இங்க தனியா இருக்க மூலை கிடைக்க மாட்டேங்குது. அவனுக்குப் பேச ஆள் இல்லையா?" என்றார். பிறகு, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டார்.

"நானும் அவனை மாதிரிதாங்க" என்றார் அங்கம்மா.

எழுபது பேரின் குறிப்புகளும் வந்து சேர்ந்தன. ஐந்தில் இரண்டு பேர் பகலில் எங்கேயோ வேலை செய்தார்கள் அல்லது கைப்பேசியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கேமராவில் முகத்தைக் காட்டிவிட்டு வேறு எங்கேயோ இருந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண அங்கம்மா முயலவில்லை.

கல்லூரியின் கல்விக் குழுவான செனட் கூட்டம் வெள்ளிக்கிழமை காலை திரையில் கூடியது. பதினான்கு பேர். அங்கம்மா சுற்றிவளைக்கவில்லை. நேரலை, கேமரா, வருகை, பதிவுத் தடை ஆகிய நான்கு விதிகளையும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பாடங்களைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து, சாதாரணக் கைப்பேசியிலும் இறங்கும் அளவுக்குச் சிறிதாக்கிக் கொடுக்க வேண்டும். நேரலை வாரத்துக்கு ஒரு முறை, சந்தேகம் கேட்பதற்கு மட்டும், சாயங்காலத்தில். எண்பது விழுக்காடு விதி இந்தத் தவணைக்கு இல்லை. தேர்வுக்குப் பதிலாக மூன்று நாள் அவகாசத்தில் எழுதும் பணி.

வணிகப் பிரிவுத் தலைவர் மதிவாணனின் முகம் சிவந்துவிட்டது. "மூணு வாரமா நேரலைக்காக நாங்க ராப்பகலா தயார் செஞ்சோம். இப்ப எல்லாத்தையும் மறுபடி பதிவு செய்யணுமா? எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருக்காங்க, டாக்டர். அதை யாராவது அழைச்சுக் கேட்டீங்களா?"

"கேட்கலை" என்றார் அங்கம்மா. "அதுவும் என் தப்புதான். இந்தத் தவணைக்குப் பாதிப் பாடத்தைக் குறைச்சுக்குவோம். எதை விடலாம்னு நீங்களே சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

பாதிப் பேர் சமாதானமானார்கள். மதிவாணன் ஆகவில்லை. அந்த வருடம் முடியும்வரை வேலை விஷயம் தவிர அவர் அங்கம்மாவோடு பேசவே இல்லை.

கூட்டம் முடிந்ததும் கமலநாதன் தனியாக அழைத்தார். புதிய சுற்றறிக்கையை அவர் எழுதி வைத்திருந்தார். தலைப்பு, 'மேம்படுத்தப்பட்ட கற்றல் வழிகாட்டி'.

"அழகா இருக்கு" என்றார் அங்கம்மா. "ஆனா முதல் வரியில வேற எழுதணும். முன்னாடி போட்ட விதிகள் தவறு, பிள்ளைங்க நிலைமையைக் கேட்காம நான் போட்டேன்னு."

"டாக்டர், தப்புன்னு எழுத்துல கொடுக்காதீங்க. நாளைக்கு யாராவது பிடிச்சுக்குவாங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"கமலநாதன், அந்தப் பொண்ணு இன்னமும் தான் ஏமாத்திட்டதா நினைச்சுப் பயந்துக்கிட்டு இருக்கா. மேம்பாடுன்னு எழுதினா அவ பயம் போகாது. விதிதான் தப்புன்னு சொன்னாத்தான் போகும்."

கமலநாதன் பெருமூச்சு விட்டார். வரியை மாற்றினார். மலாயிலும் ஆங்கிலத்திலும் அது ஆயிரத்து நானூறு பேருக்கும் அன்று மத்தியானமே போனது.

அதற்கப்புறம் எல்லாம் சீராகிவிடவில்லை. முதல் பதிவுகள் பரிதாபமாக இருந்தன. ஹேமநாதன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளைப் பலகையை மாட்டிப் பாடம் எடுத்தார். பின்னால் பக்கத்து வீட்டுச் சேவல் விடாமல் கூவியது. பிள்ளைகள் அந்தச் சேவலுக்கு 'மின்தடை' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு விரிவுரையாளர்கள் வேலையை விட்டார்கள். அந்தத் தவணையில் அறுபத்து மூன்று பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அங்கம்மா அவர்கள் எல்லோருக்கும் அழைத்தார். பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களில் சிலர், வேண்டாம் மேடம், வேலை நல்லா போகுது என்றார்கள். பலர் எடுக்கவே இல்லை.

பிரவீனா மின்சுற்றில் பி மைனஸ் வாங்கினாள். கையுறைத் தொழிற்சாலையில் இன்னும் எட்டு மாதம் வேலை செய்து, படிப்பை முடித்த பிறகுதான் அந்த வேலையை விட்டாள்.

ஆறு வாரம் என்று சொல்லிப் போன ரெக்டர் ஆகஸ்டில் மெலிந்து திரும்பி வந்தார். அங்கம்மா எல்லாக் கோப்புகளையும் ஒப்படைத்துவிட்டுப் பழைய அறைக்குப் போனார். அதே மாத நடுவில் எல்லையில் தொழிலாளர்களுக்கு வழி விட்டார்கள். செல்வா ஐந்து மாதம் கழித்து, தனிமைப்படுத்தல் நாட்களை ஓட்டலில் கழித்துவிட்டு, ஒரு டாக்சியில் வந்து இறங்கினார். நாலு சட்டையும் சாயம் போயிருந்தன. "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். சிரிப்பு வந்துவிட்டது. சில நாட்கள் இருந்துவிட்டு அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது. பழையபடி மோட்டார் சைக்கிளில் தினமும் போய் வர இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

2023இல் ரெக்டர் ஓய்வு பெற்றபோது, விண்ணப்பியுங்கள் என்று பலர் சொன்னதால் அங்கம்மாவும் விண்ணப்பித்தார். நேர்முகத்தில் குழு உறுப்பினர் ஒருவர் அந்தச் சுற்றறிக்கையின் நகலை மேசையில் வைத்தார். "உத்தரவு போட்டு மூணு வாரத்துல தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு தலைமைக்கு இது சரியா?"

"மூணு வாரம் ஆனதுதான் தப்பு. ஒரு வாரத்துல எழுதியிருக்கணும்" என்றார் அங்கம்மா.

பதவி சிலாங்கூரிலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. அங்கம்மாவுக்கு ஒரு வாரம் மனது சரியில்லை. கமலநாதன் ஒரு முறைகூட 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு அவர் அறைக்கு வந்தார். மதிவாணனும் பின்னாலேயே ஒரு பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார். மூன்று பேரும் கட்டட வாடகையைப் பற்றியும் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அங்கம்மாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. முதலாம் ஆண்டுக்குப் புள்ளியியல் எடுக்கிறார். இந்தத் தவணையின் மூன்றாம் வாரம், இரண்டு வகுப்புக்கு வராத ஒரு பையனை அழைத்தார். முதல் முறை துண்டித்துவிட்டான். மறுபடி அழைத்தார்.

"யாருங்க?"

"டாக்டர் அங்கம்மா. எங்கே தம்பி இருக்கே?"

"பஸ் நேரத்தை மாத்திட்டாங்க மேடம். செனாய்லேருந்து எட்டு மணிக்குள்ள வர்ற மாதிரி இப்ப எதுவும் இல்லை."

"சரி, ஒன்பது மணிக்கு வர்றதுக்கு இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப செவ்வாய்க்கிழமை பத்து மணிப் பிரிவுக்கு வந்துடு. நான் பேரை மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துப் பெயர்ப்பட்டியலில் அவனைத் தேடினார்.